கருவாடும் கடன் கடிதமும்: ஸ்வான்சிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

"லண்டன் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, செலவு தாங்கும் ஊராகச் சொல்லுங்கள்" என்று கேட்டவர்களுக்கு, சென்ற இதழில் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை நகரமான ஸ்வான்சியைச் சொல்லியிருந்தோம். சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழும் ஊர். அதையொட்டித் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

ஸ்வான்சி மலிவு என்கிறீர்கள். மகளுக்கு மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டியிருக்கும்?
— ஒரு தந்தை, கீழக்கரை

நான்கைந்து பேர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் ஓர் அறைக்குத் தோராயமாக 400 முதல் 550 பவுண்டு வாடகை. மின்சாரம், கேஸ், இன்டர்நெட் அதில் அடக்கமா, தனியா என்று முதலிலேயே கேளுங்கள். தனி என்றால் குளிர்காலத்தில் ஆளுக்கு 50 பவுண்டுக்குக் குறையாது. தானே சமைத்துச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்கு 120–150. கைப்பேசிக்குப் பத்துப் பவுண்டு போதும். பஸ், துணிமணி, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்தால் 700–800 பவுண்டில் மாதத்தை ஓட்டலாம். லண்டனில் இந்தப் பணம் பல இடங்களில் அறை வாடகைக்கே போய்விடும்.

மலிவான ஊரிலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்வான்சி பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வளாகங்கள். பூங்காவை ஒட்டிய பழைய சிங்கிள்டன் வளாகம் ஊருக்கு மேற்கே இருக்கிறது. 2015இல் திறந்த பே வளாகம் கிழக்கே, மணல் கரையிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஊர் முழுவதும் கிடக்கிறது. பொறியியல், மேலாண்மை, கணினி எல்லாம் பெரும்பாலும் பே வளாகத்தில். மருத்துவமும் கலைப் படிப்புகளும் சிங்கிள்டனில். மாணவர்கள் குவிந்திருக்கும் பிரின்மில், அப்லண்ட்ஸ் பகுதிகள் சிங்கிள்டனுக்குப் பக்கம். பே வளாகத்தில் வகுப்பு உள்ளவர் அங்கே வீடு பிடித்தால் தினமும் பஸ்ஸுக்கு அழ வேண்டும். அவருக்கு செயின்ட் தாமஸ், போர்ட் டெனன்ட் பக்கம்தான் சரி. சேர்க்கைக் கடிதத்தில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு வீடு தேடுங்கள். மேப்பில் ஒரு கிலோமீட்டர் என்று காட்டும் மவுண்ட் பிளசன்ட், டவுன்ஹில் வீடுகள் செங்குத்தான மேட்டில் இருப்பவை. பத்துக் கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறினால் வாடகை ஏன் குறைவு என்று விளங்கிவிடும்.

முதல் மாதக் கணக்கு வேறு. அட்வான்ஸ் ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை, மெத்தை விரிப்பு, கம்பளி, பாத்திரம், மழைக் கோட்டு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். கையில் 1,500 பவுண்டு இல்லாமல் இறங்க வேண்டாம். அங்கே ஜாமீன் போட ஆள் இல்லாத வெளிநாட்டு மாணவரிடம் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. பல்கலைக்கழக விடுதியில் அந்தத் தொல்லை இல்லை. வாடகை கொஞ்சம் கூடினாலும் முதல் ஆண்டுக்கு விடுதிதான் எங்கள் யோசனை.

மாமா துபாயில் இருக்கிறார். அவர் கணக்கில் பணம் இருக்கிறது. விசாவுக்கு அதைக் காட்டலாமா?
— ஒரு வாசகர், பெரியபட்டினம்

காட்ட முடியாது. நம் பக்கத்து விண்ணப்பங்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் விரிவாகச் சொல்கிறோம்.

பணம் மாணவர் பெயரிலோ, பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் பெயரிலோ உள்ள கணக்கில் இருக்க வேண்டும். மாமா, சித்தப்பா, அண்ணன், மச்சான் யாருடைய கணக்கும் செல்லாது. பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் "இந்தப் பணத்தை என் மகனின் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்ற கடிதமும் சேர்த்து வைக்க வேண்டும். மாமா உதவ விரும்பினால் பணத்தை உங்கள் கணக்குக்கே மாற்றிவிடச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும்.

எவ்வளவு காட்ட வேண்டும்? 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு. இதோடு முதல் ஆண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பாக்கியும் சேரும். கட்டணம் 17,000, அதில் 5,000 கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால் 12,000 + 10,539 = 22,539 பவுண்டு. கட்டிய 5,000, பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண் ஆவணத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டியதற்கான ரசீதாவது கையில் இருக்க வேண்டும்.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். 27ஆம் நாள் நகை மீட்க ஐம்பதாயிரம் எடுத்து மறுநாளே போட்டுவிட்டாலும் அந்த 28 நாள் செல்லாது. ஒருநாள்கூடக் கீழே இறங்கக் கூடாது. வங்கி அறிக்கையின் கடைசித் தேதி, விசா கட்டணம் கட்டும் நாளுக்கு 31 நாளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ரூபாயைப் பவுண்டாக மாற்றிப் பார்ப்பது விண்ணப்பித்த நாளின் விலைக்கு. நீங்கள் பணம் போட்ட நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில் ரூபாய் சரிந்தால் பற்றாக்குறை வந்துவிடும். ஐந்து சதவீதம் கூடுதலாகவே வையுங்கள்.

நகை, நிலப் பத்திரம், சீட்டுப் பணம், படகு மதிப்பு ஆகியவை கணக்கில் வராது.

கல்விக்கடன் என்றால் 28 நாள் விதி இல்லை. ஆனால் கடன் மாணவர் பெயரில் இருக்க வேண்டும். அப்பா பெயரில் எடுத்த தனிநபர் கடனைக் கல்விக்கடன் என்று காட்டுவது வீண் வேலை. வங்கிக் கடிதம் விண்ணப்ப நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் தேதியிட்டிருக்க வேண்டும். அதில் மாணவர் பெயர், தொகை, வங்கியின் பெயர், பணம் எப்போது கைக்கு வரும் என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். "கடன் வழங்கப் பரிசீலிக்கப்படும்" என்ற வாசகம் கடிதத்தில் இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்து "வழங்கப்பட்டது" என்று மாற்றி வாங்குங்கள். வங்கிக் கடனாக வெளிநாட்டுக்கு அனுப்பும் கட்டணத்துக்கு இங்கே டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே பிடிக்கும் வரி) பிடித்தமும் கிடையாது. கைப்பணமாக அனுப்பினால் ஓர் ஆண்டில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்குப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

விசாக் கட்டணத்தோடு மருத்துவக் கூடுதல் கட்டணமும் உண்டு. மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. பன்னிரண்டு மாத முதுநிலைப் படிப்புக்கு விசா ஏறக்குறைய 17 மாதம் வருவதால் ஒன்றரை ஆண்டுக் கணக்கில் 1,164 பவுண்டு கட்ட வேண்டும். ஏஜென்ட் போடும் பட்ஜெட்டில் இது காணாமல் போவது வழக்கம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. சிக்கல் வருமா?
— ஒரு வாசகி, தேவிபட்டினம்

காலியாக இருப்பதில் சிக்கல் இல்லை. ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக இருப்பதுதான் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் அப்பா "க. முனியசாமி", வங்கியில் "முனியசாமி கே", பாஸ்போர்ட்டில் "முனியசாமி கருப்பையா" என்றிருந்தால் இது மூன்றும் ஒரே ஆள் என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? இனிஷியல் என்ற வழக்கமே அவருக்குப் புதிது. வங்கிக் கணக்குப் பெயரைப் பாஸ்போர்ட்படி மாற்றிவிட்டு, அதன்பின் 28 நாளைத் தொடங்குங்கள். பல்கலைக்கழகம் தரும் ஆவணத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

விசா இப்போது இணையப் பதிவுதான்; கையில் அட்டை எதுவும் வராது. அந்தப் பதிவில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். போன பிறகு வேலை கொடுப்பவர் கேட்கும் "ஷேர் கோடு", அதாவது உங்கள் விசா உரிமையை அவர் இணையத்தில் சரிபார்க்க உதவும் குறியீடு, அதிலிருந்துதான் எடுக்கப்படும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. அங்கீகரித்த மையத்தில் எடுத்தால்தான் செல்லும், ஆறு மாதம்தான் செல்லுபடியாகும். ராமநாதபுரத்தில் எடுத்த எக்ஸ்ரேயை வாங்க மாட்டார்கள். இதைச் சென்னையில் கைரேகை கொடுக்கப் போகும் பயணத்தோடு சேர்த்து முடித்தால் ஒரு அலைச்சல் மிச்சம்.

கருவாடு கொண்டுபோகலாமா? விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்கிறார்களே.
— ஒரு வாசகி, பாம்பன்

கொண்டுபோகலாம். பிரிட்டன் விதிப்படி சொந்தச் சாப்பாட்டுக்கு உலர்த்திய, உப்பிட்ட, புகையிட்ட மீன் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. பெட்டியே 23 கிலோதான் என்பதால் அந்த எல்லையை யாரும் தொடப்போவதில்லை. மாசியும் இதில் அடக்கம். இறைச்சியும் பால் பொருளும்தான் கூடாது: உப்புக்கண்டம், நெய், பால்கோவா, பன்னீர் எடுத்துவைக்க வேண்டாம். தேங்காய்ப் பாலில் கிண்டிய கீழக்கரைத் தொதல் தாராளமாகப் போகும். அன்பளிப்பு என்று பவளக் கல், கடல் குதிரை, கடல் அட்டை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். அது இங்கேயே வனத்துறை வழக்காகும்.

நெத்திலியைத் தலை கிள்ளி, வெறும் சட்டியில் மொறுமொறுவென வறுத்து, முழுக்க ஆறிய பின் காற்றை உறிஞ்சி மூடும் பையில் கட்டுங்கள். ஆறாமல் கட்டினால் உள்ளே வேர்த்து, இரண்டு வாரத்தில் பூசணம் பிடிக்கும். பைக்கு மேல் ஒரு டப்பா, அதற்கு மேல் இன்னொரு பை. வாடை துணியில் ஏறினால் அந்த ஊர்க் குளிரில் வெயிலுக்குப் போட வழியில்லை.

உண்மையான ஆபத்து விமான நிலையத்தில் இல்லை, விடுதிச் சமையலறையில் இருக்கிறது. பெரும்பாலான விடுதிகளில் சமையலறைக் கூரையில் இருப்பது வெப்பம் உணரும் கருவி. கொஞ்சம் புகையை அது பொறுத்துக்கொள்ளும். நடைபாதையிலும் படுக்கையறையிலும் இருப்பது புகை உணரும் கருவி, அது பொறுக்காது. சமையலறையின் கனத்த கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி அமைத்திருப்பது இதற்காகத்தான். காற்றுக்காக அதற்கு நாற்காலி முட்டுக் கொடுத்துவிட்டுக் கருவாடு பொரித்தால், இரண்டு நிமிடத்தில் கட்டடமே அலறும். இருநூறு பேர் மழையில் இறங்கி நிற்பார்கள். கருவிமேல் பிளாஸ்டிக் பையைக் கட்டுவது அதைவிடப் பெரிய குற்றம், அபராதம் போடுவார்கள்.

பொரிப்பதை விட்டுவிட்டுக் குழம்புக்குப் போங்கள். ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாட்டைப் பத்து நிமிடம் சுடுநீரில் ஊறவைத்து, மணல் போக மூன்று தண்ணீரில் அலசி, புளிக்குழம்பு கொதித்துச் சுண்டும் நேரத்தில் போட்டு எட்டு நிமிடம் மூடிவையுங்கள். கதவு சாத்தியிருக்கட்டும், அடுப்புக்கு மேலுள்ள உறிஞ்சு விசிறி ஓடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். கூட இருப்பவர்களிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

பாத்திர விஷயம் ஒன்று. அங்கே அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தட்டு மின்னடுப்பு. உருண்ட அடி இரும்புச் சட்டி அதில் ஆடும், மண்சட்டி விரியும். தட்டையான அடியுள்ள பாத்திரம் வேண்டும். இன்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்து வாங்குங்கள். இட்லி மாவு குளிரில் பொங்காது. மின் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வைத்தால் பதினான்கு மணி நேரத்தில் பொங்கிவிடும். மாவு உள்ளே இருப்பது தெரியாமல் யாராவது ஓவனைச் சூடேற்றிவிடுவார்கள், கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

ஹலால் இறைச்சி, தொழுகை?
— ஒரு வாசகர், ஏர்வாடி

செயின்ட் ஹெலன்ஸ் ரோட்டில் பள்ளிவாசல் இருக்கிறது, ஹலால் கடைகளும் அந்தத் தெருவில்தான். கத்தோலிக்கருக்கு செயின்ட் ஜோசப் பேராலயம் உண்டு. டிசம்பரில் மாலை நாலேகாலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதரைக்குத்தான் மஃரிப். வகுப்பு நேரத்தில் லுஹர், அஸ்ர், மஃரிப் மூன்றும் நெருங்கிவரும் குளிர்கால மாதங்களில், வளாகத்தில் உள்ள தொழுகை அறை எங்கே என்று முதல் வாரமே கேட்டுவைப்பது நல்லது.

படித்துக்கொண்டே சம்பாதித்து அடுத்த தவணையைக் கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார்.
— ஒரு வாசகர், தொண்டி

கட்ட முடியாது. கணக்கைப் பாருங்கள். 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு. 18–20 வயதுக்கு 10.85தான். பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. முழு 20 மணி நேரமும் கிடைத்தாலே வாரம் 254 பவுண்டு. சிறிய ஊரில் பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை கிடைப்பதே பெரிது, அதுவும் இரண்டு மூன்று மாதம் தேடிய பிறகு. சாப்பாட்டுக்கும் பாதி வாடகைக்கும் ஆகும். கல்லூரிக் கட்டணத்தை அதில் எழுதிவைப்பவர் நடுவழியில் நிற்பார்.

இருபது மணி என்பது சராசரி அல்ல. திங்கள் முதல் ஞாயிறு வரை எந்த ஒரு வாரத்திலும் தாண்டக் கூடாது. போன வாரம் பத்து, இந்த வாரம் முப்பது என்று ஈடுகட்டினால் விசா மீறல். இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்டித்தான் 20. முதுநிலை மாணவர்கள் கோட்டை விடுவது இன்னொன்று: ஜூன் முதல் செப்டம்பர் வரை வகுப்பு இல்லை, ஆனால் ஆய்வேடு எழுதும் காலம் அது. விடுமுறை இல்லை, 20 மணி விதி அப்போதும் உண்டு. இளநிலை மாணவரைப் பார்த்துக் கோடையில் முழுநேர வேலைக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி வேலை சுயதொழில்; மாணவர் விசாவில் அறவே கூடாது. அடுத்தவர் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட மோசம். நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்று: அங்கே மீன்பிடிப் படகில் பங்கு முறையில் போகிறவரையும் சுயதொழில் செய்பவராகவே வரித்துறை கணக்கு வைக்கிறது. தொழில் தெரியும் என்பதற்காகப் படகேறிவிடக் கூடாது. தூண்டில் போட்டு அயிலை பிடிப்பதற்குக் கடலில் உரிமம் வேண்டியதில்லை. ஆற்றில், ஏரியில்தான் வேண்டும். பிடித்ததைச் சாப்பிடலாம், விற்கக் கூடாது.

தேசியக் காப்பீட்டு எண் இல்லாமல் வேலைக்குச் சேர முடியாது என்று சொல்லி அதை வாங்கித் தர நூறு பவுண்டு கேட்பவர்கள் உண்டு. விண்ணப்பம் இணையத்தில் இலவசம். எண் வரும் முன்பே, வேலை செய்யும் உரிமையை ஷேர் கோடு மூலம் காட்டிவிட்டுச் சேரலாம்.

வாடகை ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?
— ஒரு வாசகி, ராமநாதபுரம்

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனையில் பெரும்பகுதி இங்கிலாந்துச் சட்டம். ஸ்வான்சி வேல்ஸில் இருக்கிறது. அங்கே 2022 டிசம்பர் 1 முதல் தனி வாடகைச் சட்டம். வீட்டுக்காரர் "ரென்ட் ஸ்மார்ட் வேல்ஸ்" பதிவேட்டில் இருக்க வேண்டும். முகவரியைப் போட்டு நீங்களே இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவு இல்லாத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். குடியேறிய 14 நாளுக்குள் எழுத்து வடிவ ஒப்பந்தம் தர வேண்டும். அட்வான்ஸை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் கட்டி விவரத்தை உங்களுக்குக் கொடுக்க வேண்டும். வீட்டைப் பிடித்துவைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. "ஏஜென்சி கட்டணம்", "விண்ணப்பக் கட்டணம்" என்று வசூலிப்பது 2019 செப்டம்பரிலிருந்தே தடை.

நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ஒருவர் ஓடிப்போனாலும் அவர் பங்கை மற்ற மூவர் கட்ட வேண்டும். தனித்தனி ஒப்பந்தமாகக் கேளுங்கள். ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பாதியில் "பிடிக்கவில்லை" என்று கிளம்பினாலும் மீதி வாடகை தொடரும். இடத்தை எடுத்துக்கொள்ள வேறு ஆளைப் பிடித்துக் கொடுத்தால்தான் விடுதலை. அந்த வீட்டில் ஒருவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போகத் தொடங்கினால், முழுநேர மாணவர் வீட்டுக்கு இருந்த நகராட்சி வரி விலக்கு போய்விடும். வரிச் சீட்டு வீட்டுக்கு வரும்போதுதான் சண்டை தொடங்கும். அதை முன்பே பேசித் தீருங்கள்.

நேரில் பார்க்காத வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பிப் பணம் போடாதீர்கள். பார்க்கப் போகும்போது படுக்கையறைச் சுவரின் வெளிப்புற மூலையையும் அலமாரியின் பின்புறத்தையும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். கரும்புள்ளியாகப் பூசணம் இருக்கும். பிரிட்டனிலேயே மழை அதிகம் பெய்யும் நகரங்களில் ஒன்று ஸ்வான்சி. குளிர்ந்த சுவரில் ஈரக் காற்று பட்டு நீராக வடிவதுதான் பூசணத்துக்குக் காரணம். ஈரத் துணியை அறையில் ஹீட்டர்மேல் காயப்போட்டு ஜன்னலைச் சாத்திவைத்தால் நல்ல வீட்டிலும் ஒரே மாதத்தில் வரும். காலையில் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவிடுவது, ஹீட்டரை ஒரேயடியாக அணைக்காமல் தணிவில் வைப்பது, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவது — செலவில்லாத வைத்தியம். குடியேறிய நாளே எல்லாச் சுவரையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸைக் காப்பாற்றும் சாட்சி அதுதான்.

டிவி லைசென்ஸ் என்று மிரட்டல் தொனியில் கடிதம் வரும். நேரலைத் தொலைக்காட்சியும் பிபிசி ஐபிளேயரும் பார்க்காதவருக்குத் தேவையில்லை, அதை இணையத்தில் தெரிவித்துவிடலாம். ஆனால் சேனலில் ஓடிக்கொண்டிருப்பதை யூடியூப்பில் நேரலையாகப் பார்த்தால் அதுவும் நேரலைதான். தமிழ்ச் செய்தி சேனலும் சேர்த்தி.

மகன் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். கடல் உள்ள ஊர் என்பதால் எங்களுக்கு நிம்மதி.
— ஒரு தாய், தங்கச்சிமடம்

அம்மா, அந்த நிம்மதிதான் எங்களுக்குக் கவலை. கடல் தெரியும் என்ற துணிச்சல் அந்தக் கடலில் உதவாது.

பாம்பனில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஸ்வான்சியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது எட்டு மீட்டரைத் தாண்டும். இரண்டு மாடி உயரம். பிரிஸ்டல் கால்வாய் என்ற கடற்பகுதி புனல்போல உள்ளே போகப் போகக் குறுகுவதால் தண்ணீர் ஏறிக் குவிகிறது. உலகிலேயே ஏற்றவற்றம் மிக அதிகமான இடங்களில் அந்தக் கால்வாயும் ஒன்று. வத்தத்தில் கடல் பல நூறு மீட்டர் பின்வாங்கி மணலும் சேறுமாகக் கிடக்கும். பெரிய வத்தம் அங்கே நண்பகலை ஒட்டி வரும், பிள்ளைகள் உலாவப் போகும் நேரம். திரும்பி ஏறும்போது அலையாக வராது. பின்பக்கத்துப் பள்ளங்களில் சத்தமில்லாமல் நிறைந்து, நிற்பவரை மேட்டில் தனியாக விட்டுவிடும்.

ஊரை ஒட்டிய கோவர் தீபகற்பத்தின் முனையில் ரோசிலிக்கு அப்பால் வோர்ம்ஸ் ஹெட் என்ற பாறைத் தீவு. வத்தத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பும் இரண்டரை மணி நேரம் பின்பும் மட்டுமே நடந்து போய்வரலாம். நேரம் தவறினால் நீந்தித் திரும்ப நினைக்கக் கூடாது. தீவிலேயே உட்கார்ந்து அடுத்த வத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது 999ஐ அழைத்துக் கடலோரக் காவல் கேட்க வேண்டும்.

அடுத்தது குளிர். மன்னார் வளைகுடாவில் தண்ணீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஸ்வான்சிக் கடல் பிப்ரவரி, மார்ச்சில் 8 டிகிரி அளவில் இருக்கும், ஆகஸ்டிலேயே 17, 18தான். குதித்த முதல் நிமிடம் உடல் அதிர்ந்து தானாக மூச்சை இழுக்கும். அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் வீரனும் மூழ்குவான். தவறி விழுந்தால் கை கால் அடிக்காமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகே நீந்தத் தொடங்க வேண்டும். கோடையில் காவலர் நிற்கும் கரையில் சிவப்பு–மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்கச் சொல்லுங்கள்.

காற்றும் பழகியதல்ல. நம் ஊரில் பருவத்துக்கு ஒன்றாக வாடையும் கொண்டலும் கச்சானும் மாறி வீசும். அங்கே ஆண்டின் பெரும்பகுதி தென்மேற்குதான். குடை ஒரு வாரம் தாங்காது. தலைமூடி உள்ள மழைக் கோட்டு வாங்கச் சொல்லுங்கள். இங்கே வாங்கும் ஸ்வெட்டர் அந்தக் காற்றைத் தடுக்காது, வாங்காவிட்டால் காசு மிச்சம்.

அந்த ஊரில் பாசி சாப்பிடுவார்களாமே?
— ஒரு வாசகி, மண்டபம்

ஆமாம். லேவர் என்ற செம்பாசியைப் பாறையிலிருந்து பறித்து, மணல் போகப் பலமுறை அலசி, மணிக்கணக்கில் வேகவைத்து அரைக்கிறார்கள். கறுத்த பச்சைக் கூழாக இருக்கும். பெயர் லேவர்பிரெட், ஆனால் ரொட்டி அல்ல. ஓட்ஸ் மாவில் உருட்டித் தட்டிப் பொரித்துக் காலைச் சாப்பாட்டில் வைப்பார்கள். கஞ்சிப்பாசி காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு வாடை புதிதல்ல. பொரிப்பது பெரும்பாலும் பன்றிக் கொழுப்போடு என்பதால் கடையில் கேட்டுச் சாப்பிடுங்கள். வேல்ஸின் மிகப் பெரிய உள்ளரங்கச் சந்தையான ஸ்வான்சி மார்க்கெட்டில் இதுவும், பென்க்ளாத் ஊர்ச் சிப்பியும் கிடைக்கும். அந்தச் சிப்பியைப் பெண்கள் கழுதையோடு சேற்றில் இறங்கி வாரிய தொழில் அது. இப்போது அங்கே வாருவதற்கு உரிமம் வேண்டும்.

உடம்புக்கு முடியாமல் போனால்?
— ஒரு வாசகர், வாலிநோக்கம்

போய் இறங்கிய முதல் வாரமே வீட்டுக்குப் பக்கத்து டாக்டரிடம் பதிவு செய்ய வேண்டும். காய்ச்சல் வந்த பிறகு பதிவு செய்யப் போனால் நாட்கள் ஓடும். விசாவோடு கட்டிய 776 பவுண்டு இதற்குத்தான். வேல்ஸில் 2007 முதல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் படிக்கும் நண்பர் கட்டுவார், நீங்கள் கட்ட வேண்டியதில்லை. பல்லுக்கும் கண்ணாடிக்கும் செலவு உண்டு. பல் வைத்தியத்தை இங்கேயே முடித்து, ஒரு கண்ணாடி கூடுதலாக எடுத்துப் போங்கள். அவசரமில்லாத ஆலோசனைக்கு 111.

மனைவியை உடன் அழைத்துப் போகலாமா? படிப்பு முடிந்து எத்தனை நாள் இருக்கலாம்?
— ஒரு வாசகர், சாயல்குடி

பாடவகுப்பு முதுநிலைக்கு 2024 ஜனவரியிலிருந்து முடியாது, ஆராய்ச்சிப் படிப்புக்கு மட்டும் முடியும். படிப்பு முடிந்தபின் வேலை தேடும் விசா இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவருக்கு 18 மாதம்தான். முனைவர் பட்டத்துக்கு மூன்று ஆண்டு. 2026 செப்டம்பரில் சேரும் ஓராண்டு மாணவர் அந்தத் தேதிக்குப் பிறகே முடிப்பார், ஏஜென்ட் இரண்டு ஆண்டு என்று சொன்னால் திருத்துங்கள். அந்த விசாவுக்கு மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. பழைய விசா முடியும் முன், பிரிட்டனில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும்.

மகளை எந்த நேரத்தில் கூப்பிடுவது?
— ஒரு தாய், கீழக்கரை

குளிர்காலத்தில் நமக்கு அவர்கள் ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாறும். இங்கே இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் அங்கே மாலை நாலரையோ ஐந்தரையோ, வகுப்பு முடிந்து சமையலறைக்கு வரும் நேரம். நம் காலை எட்டு மணி அங்கே நடுராத்திரி, குளிர்காலத்தில் சுப்ஹுக்குக்கூட நேரமாகியிருக்காது.